அடைக்கலம்

உங்கள் பெற்றோரைப் போலவே என் பெற்றோரும் பணியின் பொருட்டு ஊர் மாறியவர்கள். புறப்படும் நாளை அவர்களே குறித்தனர். விடுமுறையில் திரும்பிச் செல்ல ஊரில் வீடும் இருந்தது. போருக்கு அஞ்சி ஓடும் அகதிகளுக்கு இவ்விரண்டும் இல்லை. குண்டு விழும் இரவே அவர்கள் புறப்படும் நேரம். இனி இங்கிருந்தால் உயிர் தங்காது என்னும் நிலை வந்த பிறகே மக்கள் பிறந்த மண்ணை விட்டு நீங்குகின்றனர்.

அவ்வாறு வருவோரை எல்லா நாடுகளும் ஏற்பதில்லை. 1939இல் ஜெர்மனியில் நிகழ்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி, யூதர்கள் 900க்கும் மேற்பட்டோர் ‘செயிண்ட் லூயிஸ்’ என்னும் கப்பலில் கியூபாவுக்குச் சென்றனர். மிகச் சிலரை மட்டுமே அந்நாடு கரையிறங்க விட்டது. அமெரிக்காவும் கனடாவும் மற்றவர்களுக்கு இடம் தரவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அவர்களுள் 200க்கும் மேற்பட்டோர் பின்னர் நாஜிகளின் கொடுமைக்குப் பலியாயினர்.

அதே ஆண்டில் ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் போலந்தைத் தாக்கிப் பங்கிட்டுக்கொண்டன. போலந்து மக்கள் பலர் சைபீரியா முதலிய தொலைநிலங்களுக்கு நாடு கடத்தப்பட்டனர். அங்கே பசியும் நோயும் பல குழந்தைகளை அநாதைகளாக்கின. 1942இல் அத்தகைய குழந்தைகளுக்கு நவாநகர் அரசர் திக்விஜய்சிங்ஜி, ஜாம்நகருக்கு அருகிலுள்ள பாலாச்சடியில் அடைக்கலம் அளித்தார். அப்போது நம் நாடே அயலார் ஆட்சியின்கீழ் இருந்தது.

உணவும் உறைவிடமும் தந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அம்முகாமில் போலந்து ஆசிரியர்கள் பாடம் நடத்தினர். பிள்ளைகள் தாய்மொழியில் பயின்றனர். தம் முறைப்படி வழிபட்டனர். இதுவே என் நெஞ்சைத் தொடும் செய்தி. வேற்று மாநிலத்தில் இருந்துகொண்டு தமிழ் கற்கும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். வீட்டையும் பெற்றோரையும் இழந்த அக்குழந்தைகளிடம் எஞ்சியிருந்த செல்வம் மொழி ஒன்றுதான். அதையும் இழந்துவிடாமல் அவர்களைக் காத்தது பாலாச்சடி.

அந்த உதவியைப் போலந்து மறக்கவில்லை. தலைநகர் வார்சாவில் ‘நல்ல மகாராஜா’வின் நினைவாக ஒரு சதுக்கம் உள்ளது. 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது, போலந்து தன் எல்லையைத் திறந்து பல லட்சம் மக்களை ஏற்றது. உக்ரைனில் பயின்ற இந்திய மாணவர்களுள் பலரும் அவ்வழியே தாயகம் திரும்பினர்.

தஞ்சம் என்று வருபவரிடம், “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கும் நாடுகள் உண்டு. “நீ யார்?” என்று அன்போடு கேட்டு, அவர் அவராகவே வாழ இடம் கொடுப்பதே முழுமையான அடைக்கலம் என்று நான் கருதுகிறேன்.