பெருமாள்மலைப் பட்டறையில் மூன்று நாட்கள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், பழனிச் சாலை வந்து கலக்கின்ற பெருமாள்மலையில், பஸ்கள் நின்று போகும் இடத்திற்குச் சற்றுத் தள்ளி, மூன்று மோட்டார் சைக்கிள்களுக்கு மேல் இடங்கொள்ளாத ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பழைய 500 சி.சி. புல்லட் ஒன்றின் யந்திரம் அங்கே எலும்பு எலும்பாகப் பிரிக்கப்பட்டுத் திரும்பவும் உயிர்பெற்றதை, சென்ற ஐப்பசி மழைக்கிடையே, மூன்று நாள் உடனிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது.

அங்கே போனதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. பல வருஷங்களுக்கு முன், புதுப் பிஸ்டன் போட்ட என் வண்டியில் நான் இதே மலையேறியபோது, வெள்ளி நீர்வீழ்ச்சிக்குச் சில வளைவுகள் கீழே யந்திரம் இறுகி நின்றுவிட்டது. பிஸ்டன் போட்டுத் தந்தவர், பெயர் வேண்டாம், "நல்லா டைட்டா போட்டிருக்கேன் சார், சத்தமே வராது" என்று பெருமிதத்தோடு சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வாக்குப் பொய்க்கவில்லை. அரை மணி நேரத்திற்குப் பிறகு எந்தச் சத்தமும் வரவில்லை.

இப்போது பிரிக்கப்பட்டுக் கிடந்த வண்டி, தாண்டிக்குடிப் பக்கத்துக் காபித் தோட்டக்காரர் ஒருவருடைய மகனுடையது. லடாக் வரை போய்வர உத்தேசித்திருந்த அந்த இளைஞருக்கு, பிஸ்டன் ஓடும் பேரலின் 84 மில்லிமீட்டர்த் துளை போதவில்லை. 87 ஆக்கினால் 535 சி.சி. கிடைக்கும் என்று கணக்கோடு வந்திருந்தார். கணக்கு சரிதான், ராயல் என்ஃபீல்டே 2013-ல் கான்டினென்டல் ஜி.டி. என்ற வண்டியை அந்த அளவில்தான் வெளியிட்டது. ஆனால் அது முற்றிலும் வேறு அமைப்பு, அலுமினிய பேரல். இதுவோ வார்ப்பிரும்பு.

"ஆகாதுன்னு சொல்லல தம்பி," என்றார் பட்டறை மேஸ்திரி, கண்ணை பேரலிலிருந்து எடுக்காமலே. "மூணு மில்லி எடுத்தா செவுரு மெலிஞ்சுபோகும். சூடு எங்க போய் ஒதுங்கும்? நீ பந்தயத்துக்கா போற? ஊரு போய்ச் சேரணும்ல?"

இளைஞர் வாதிக்கவில்லை. அறுபதை நெருங்கும் அந்த மனிதரிடம் யாரும் அதிகம் வாதிப்பதில்லை என்று பிறகு அறிந்தேன்.

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரம் தமிழ்நாட்டாருக்கு ஓரளவு தெரிந்ததே. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை ஏற்படுத்தின; தாய்வீடான ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டு, 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோன பின்னரும், திருவொற்றியூர் ஆலை அந்த வார்ப்பிரும்பு யந்திரத்தை அதிக மாற்றமின்றிப் பல தசாப்தங்கள் கட்டிக்கொண்டிருந்தது. 350-க்குத் துளை 70, 500-க்கு 84. வீச்சு இரண்டுக்கும் ஒன்றே, 90 மில்லிமீட்டர். நிமிஷத்திற்கு 3000 சுற்று வீதம் ஓடினால், பேரலுக்குள் பிஸ்டன் மட்டும் ஒரு மணியில் 32 கிலோமீட்டர் ஏறி இறங்குகிறது. வண்டி லடாக் போவதற்குள் பிஸ்டன் தனியாக ஒரு யாத்திரை போய்விடுகிறது என்று நான் சொன்னதற்கு மேஸ்திரி சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் சார் ஆயிலு" என்றார்.

முதல் நாள் முழுவதும் கிராங்க்கிலேயே கழிந்தது. பழைய புல்லட்களில் கனெக்டிங் ராடின் பிக் எண்டில் ஒரு மிதக்கும் புஷ் இருக்கும். எண்ணெய் தடையின்றி வரும்வரை அது குறைசொல்ல முடியாத வஸ்து, வராவிட்டால் சில நிமிஷங்களில் அதன் கதை முடிந்தது. மேஸ்திரி பழைமையில் பற்றுள்ளவர் ஆகையால் அதையே திரும்பப் போடுவார் என்று எதிர்பார்த்த எனக்கு, அவர் ரோலர் பேரிங் ராடை எடுத்தது வியப்பாயிருந்தது. "பழசுன்னா எல்லாம் நல்லதுன்னு இல்லீங்க" என்று என் மனத்தைப் படித்தவர்போலச் சொல்லிவிட்டு, இரு ஃப்ளைவீல்களையும் பூட்டி, சென்டரில் நிறுத்தி, டயல் கேஜின் முள்ளைப் பார்த்தவாறே செம்புச் சுத்தியால் ஓரிடத்தில் தட்டினார், சுழற்றினார், மறுபடி தட்டினார். முள்ளின் ஆட்டம் ஆயிரத்தில் இரண்டு பங்கு அங்குலத்திற்குள் அடங்கும்வரை, வெளியே மழை பிடித்து, விட்டு, மீண்டும் பிடித்தது.

பேரல், திண்டுக்கல்லில் உள்ள போரிங் பட்டறைக்கு பஸ்ஸில் போயிற்று. கூடவே புதுப் பிஸ்டனும் போயிற்று. பிஸ்டனைக் கையில் வைத்து அளக்காமல் புத்தக அளவைக் கேட்டுக் குடைகிறவனிடம் கொடுப்பதில்லை என்பது அவருடைய வைராக்கியம். சீட்டில் எழுதி அனுப்பியது ஒரே வரி: இடைவெளி ஆயிரத்தில் நாலு அங்குலம். ஒரு தலைமயிரைவிடச் சற்றே தடித்த அந்த வெற்றிடத்தில்தான் யந்திரத்தின் ஆயுள் தங்கியிருக்கிறது. ஏனெனில் ஒரே உஷ்ணத்தில் பிஸ்டனின் அலுமினியம் பேரலின் இரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. பாரத்தோடு முதல் கியரில் பஸ்ஸின் பின்னால் ஊர்ந்து, முகத்தில் காற்றே படாமல் மலையேறும் வண்டியில், பிஸ்டன் பெருத்துப் பேரலைத் தொட்டுவிட்டால் என் வெள்ளி நீர்வீழ்ச்சிக் கதைதான்.

மறுநாள் மாலை பேரல் திரும்பி வந்தது. மேஸ்திரி ரிங்கை உள்ளே விட்டு, பிஸ்டனால் தள்ளி நேர்படுத்தி, முனைகளுக்கிடையே ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். துளையின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் ஆயிரத்தில் நாலு என்பது வாய்ப்பாடு. இதற்குப் பதின்மூன்று வரவேண்டும். ஒன்பதுதான் நுழைந்தது. உதவிக்கிருந்த பையன் சின்ன அரத்தால் முனையை இரண்டு இழை இழைப்பான், மேஸ்திரி அளப்பார், திருப்பிக் கொடுப்பார், "அவசரப்படாதடா, எடுத்ததத் திரும்ப ஒட்ட முடியாது." வால்வுகளைப் பேஸ்ட் தடவித் தேய்த்தபின், ஹெட்டின் போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்க்கையில் சீட்டுகள் இரண்டும் உலர்ந்திருந்தன.

டைமிங் கவரை மூடுமுன் என் உள்ளங்கையில் அவர் ஒன்றை வைத்தார்: சுண்டுவிரல் நகத்தளவு, நடுவில் துளையிட்ட கார்க் துண்டு. பம்பிலிருந்து கம்பளி ஃபில்டர் வழியாக வரும் எண்ணெய், கவரிலிருந்து கிராங்கிற்குள் புகும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது அதுவே. கிழிந்தால் எண்ணெய் பக்கவாட்டில் ஒழுகிப்போகும், பிக் எண்ட் பட்டினி கிடக்கும். குரோமியமும் புகைக்குழலும் வாங்கப் பணத்தை வாரியிறைக்கும் பேர்வழிகள் இந்தக் கார்க்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். இரவெல்லாம் எண்ணெயில் ஊறியிருந்த அதை அவர் பெருவிரலால் அழுத்தி உட்கார வைத்த விதத்தில், குழந்தைக்குப் பொட்டு வைக்கும் பதனம் இருந்தது.

கார்புரேட்டர் விஷயத்தில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. சுமார் 2100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி சமுத்திர மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே பெட்ரோல் மிஞ்சி, பிளக் கறுத்துப்போகும். மலைக்காரர்கள் சிறிய ஜெட் போட்டுக்கொள்கிறார்கள். மேஸ்திரி மறுத்துவிட்டார்: இங்கே பொருந்தும் ஜெட் வத்தலக்குண்டு வெயிலில் பெட்ரோல் போதாமல் யந்திரத்தைக் காய்ச்சிவிடுமாம். சமவெளிக்கு உரியதையே போட்டு, ஐயாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட லடாக் கணவாய்களுக்கென்று இரண்டு சிறிய ஜெட்டுகளை ஒரு மூக்குப்பொடி டப்பாவில் வைத்து இளைஞரிடம் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை, நான்காவது உதையில் வண்டி பேசிற்று. உடனே அவர் ஹெட்டுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் போல்ட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி, விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பத்து எண்ணுவதற்குள் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது, பிறகு இன்னொன்று, பிறகு அது தாரையாயிற்று. போல்ட்டை முறுக்கினார்.

பழனிச் சாலையில் வடகவுஞ்சி தாண்டிச் சவரிக்காடு வரை இறங்கி ஏறினோம். நான் பின்னால் வேறொரு வண்டியில். இறக்கத்தில் திராட்டிலை நெடுநேரம் மூடிவைத்து மறுபடி திறந்தபோது ஒரு மெல்லிய நீலப்புகை எழுந்து அடங்கியது. ரிங் இன்னும் பேரலோடு பழகவில்லை, ஏற்றத்தில் பழகிவிடும் என்றார். திரும்பி வந்ததும், டாப்பெட் பார்க்க யந்திரம் முழுக்க ஆறவேண்டும் என்பதால், எல்லோரும் சும்மா உட்கார்ந்தோம். மழை மேகம் சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அந்தியில் அவர் மூடியைத் திறந்து, புஷ் ராடை இரு விரலால் உருட்டினார். தடையின்றிச் சுழன்றது, ஆனால் மேலும் கீழும் ஆடவில்லை.

"எப்ப கிளம்பலாம் மேஸ்திரி?" என்றார் இளைஞர்.

"ஐந்நூறு கிலோமீட்டர் இங்கயே ஓட்டிட்டு வா. ஆயில மாத்தி, ஹெட் நட்ட இன்னொரு தரம் முறுக்கணும். அப்புறம் பேசுவோம்."

இளைஞர் கைபேசியில் தேதிகளை எண்ணத் தொடங்கினார்; பையன் கீழே சிந்தியிருந்த எண்ணெயின்மேல் மரத்தூளைத் தூவிக்கொண்டிருந்தான்.