குசினிக்குப் பின்னாலை ஒரு முருங்கை

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் கொண்டுவந்த ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற புத்தகம் கொஞ்ச நாளாக என் மேசையில் கிடக்கிறது. போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் காணிக் கணக்கு எழுதி வைத்த பதிவேடு தோம்பு. யாருடைய வளவு, எத்தனை பரப்பு, எல்லை எது என்று அது சொல்லும். சனாதனன் செய்த தோம்பு வீடிழந்தவர்களுடையது. இடம்பெயர்ந்த தமிழரிடமும், 1990 ஐப்பசியில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களிடமும் போய், விட்டுவந்த வீட்டைக் கீறித் தரச் சொல்லியிருக்கிறார். அப்படிச் சேர்ந்தவை 80 வீடுகள். அவர்கள் ஞாபகத்திலிருந்து கீறியது ஒன்று, அதையே கட்டடக் கலைஞர் அளவாக வரைந்தது இன்னொன்று, அவர்கள் சொன்ன கதை, அந்தக் கதைக்குச் சனாதனனின் பாஸ்டல் ஓவியம். இவ்வளவும் ஒரு வீட்டுக்கு.

2004இல் இவர் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சனங்களின் வீட்டுப் பொருள்களைச் சேர்த்து ஒரு காட்சி வைத்தார். பிறகு வன்கூவரில், கனடாத் தமிழர் கொடுத்த ஞாபகப் பொருள்களைப் போத்தல்களில் போட்டு இன்னொன்று. எனக்கு இந்தப் புத்தகம்தான் கிட்ட. அதிலும் கட்டடக் கலைஞரின் நேர்கோடுகளை நான் அதிகம் பார்ப்பதில்லை. அளவுகோல் வைத்ததும் வீடு யாருடையதாகவும் ஆகிவிடுகிறது. கை நடுங்கிக் கீறிய கோட்டில்தான் ஆள் இருக்கிறார்.

பார்த்துப் பார்த்து நானும் ஒரு பின்னேரம் வசாவிளான் வீட்டைக் கீறினேன். 1990 ஆனியில், பலாலிப் பக்கம் ஷெல்லடி தொடங்கிய கிழமை விட்டுவந்த வீடு. தலைவாசல், விறாந்தை, சாமியறை எல்லாம் தாளின் ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டன. குசினி மட்டும் அரைத்தாளைப் பிடித்தது. உண்மையில் அது இரண்டு பேர் நின்றால் முட்டுப்படும் இடம். அம்மா அதற்குள் இருந்தபடியால் பெரிதாகியிருக்க வேண்டும். குசினியிலிருந்து கிணற்றடிக்கு இறங்கும் படி மற்றப் படிகளை விடப் பள்ளம். விளக்கில்லாமல் போனாலும் கால் தானாக அதைத் தேடி இறங்கும். வெள்ளவத்தையில் இத்தனை வருஷம் இருந்த பிறகும், இருட்டில் எழும்பினால் சுவிட்சைத் தடவித்தான் நடக்கிறேன்.

காணி உறுதி பத்திரமாக இருக்கிறது. வளவு இன்னும் முள்ளுக்கம்பிக்கு உள்ளே. வீடு நிற்கவில்லை, கிணறும் தூர்ந்துபோயிற்று என்று பக்கத்துக் காணிக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். உறுதியில் இன்றைக்கும் நாலு எல்லையும் சரியாகவே இருக்கிறது. அந்தப் படிதான் இல்லை.

கீறியதைப் படமெடுத்து ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கோல் வந்தது.

“டேய், மாட்டுக்கொட்டில் எங்கை? மாமரத்துக்குக் கீழை உதென்ன பெட்டி மாதிரி?”

“பங்கர், அக்கா.”

அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. கலியாணம் முடித்து 84இலேயே போனவ. பொம்பர் வரத் தொடங்கிய பிறகு அப்பா கொட்டிலைப் பிரித்து, பனங்குற்றி அடுக்கி, செம்மண் மூட்டை போட்டு பங்கர் கட்டியது அவவுக்குத் தெரியாது. கடிதத்தில் எழுதியிருக்கலாம். எழுதக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கவும் கூடும்.

மறுநாள் தானும் ஒன்று கீறி அனுப்பியிருந்தா. மதில் இருக்க வேண்டிய இடத்தில் கிடுகு வேலி. கிணற்றில் துலா. நான் கண்ட காலத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின்தான். நெல்லு மூட்டை அடுக்கும் அறை என்று நான் எழுதியதில் அவ “என்ரை அறை” என்று எழுதியிருந்தா. இரண்டு தாளையும் அந்தக் கட்டடக் கலைஞரிடம் கொடுத்தால் எந்த வீட்டை வரைந்து தருவாரோ.

மற்றதெல்லாம் ஒருமாதிரிப் பேசித் தீர்ந்தது. முருங்கைதான் தீரவில்லை. குசினிக்குப் பின்னாலை என்கிறேன் நான், கிணற்றடியில் என்கிறா அவ. “குஞ்சியம்மாவைக் கேட்பம், காய் பிடுங்கினது அவதானே” என்று முடிவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகக் கதைக்க இருக்கிறோம். அதற்கு முன்னமே அக்கா தனியாக ஒரு கோல் எடுத்து, குஞ்சியம்மாவைத் தன் பக்கம் இழுத்துவிடுவா. அவவை எனக்குத் தெரியும்.