பூட்டிய கேட்டுக்குள் புகை

வடசென்னைக்காரனுக்குப் புகை புதிதல்ல. ராயபுரத்தில் வெள்ளைத் துணியைக் காயப்போட்டு எடுக்கப்போனால் நிலக்கரித் தூள் படிந்திருக்கும். நீதிமன்றம் தலையிட்டு 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அந்தக் கரி எண்ணூருக்குப் போனது. மணலி ஆலையின் நாற்றம், அனல்மின் நிலையத்துச் சாம்பல் என்று வெளியிலிருந்து வரும் புகையைப் பற்றி நம் தோழர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், போராடியிருக்கிறார்கள். நான் பேச வந்தது வீட்டுக்குள் கிளம்பும் புகை. குறிப்பாக, வாடகை வீட்டுக்குள்.

இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல், வீட்டை வாடகைக்கு விடும் தனியார் உரிமையாளர் தளத்துக்கு ஒரு புகை எச்சரிக்கைக் கருவியாவது மாட்டியாக வேண்டும். குடிவருகிற நாளில் அது வேலை செய்கிறதா என்று பார்த்துத் தருவதும் அவர் பொறுப்பு. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் எல்லா வீடுகளுக்கும் இது விதி. சமையலறையில் சூட்டை அறியும் கருவி, கூடத்திலும் நடையிலும் புகையை அறியும் கருவி; ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும். கருவி ஒன்றும் பெரிய மர்மமில்லை. உள்ளங்கை அகலப் பெட்டி. உள்ளே ஒரு சின்ன ஒளிக்கதிர் நேராகப் போய்க்கொண்டிருக்கும்; புகை நுழைந்தால் ஒளி சிதறும்; சிதறிய ஒளி பக்கத்திலுள்ள உணரியில் பட்டதும் மணி அலறும்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசையில் இருந்த அண்ணன் ஒருவர் சிரித்தார். "வாடகைக்கு ஊடே கெடைக்க மாட்டேங்குது. இவுரு ஊட்டுக்குள்ள மணி மாட்ட வந்துட்டாரு." எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிற நியாயத்தைப் பேசியாக வேண்டும்.

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. எதிரும் புதிருமாக எட்டு அறைகள், நடுவில் ஒருவர் ஒதுங்கினால் ஒருவர் போகலாம் என்ற அளவில் நடை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. ஒரு அடிபம்பு, ஒரு கக்கூஸ். மெயின் பாக்ஸ் வாசல் கேட்டை ஒட்டி இருந்தது. மீட்டர் ஓனர் பேரில்; எங்களுக்கு சப்-மீட்டர், யூனிட்டுக்கு அவர் சொன்னதுதான் ரேட்டு. ஃபியூஸ் போனால் யாராவது ஒருத்தர் கம்பியை முறுக்கி மாட்டுவார். ராத்திரி பத்தரைக்கு ஓனருடைய ஆள் வந்து கேட்டைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். "கண்டவன் வந்து போற எடமா இது?" என்பார் ஓனர்.

நான் எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு சித்திரை மாத ராத்திரி அந்த மெயின் பாக்ஸ் பற்றிக்கொண்டது. நெருப்பு பெரிதல்ல. ஒயர் உருகிய கரும்புகைதான் நடை முழுக்க அடைத்துக்கொண்டது. எட்டுக் குடித்தனமும் நல்ல தூக்கம். இழுப்பு நோயால் படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்த கடைசி வீட்டு ஆயாதான் கத்தியது: "டேய், எந்திரிங்கடா! இன்னாமோ கருகுது!" பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் எதிரே பூட்டு. முகத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேர் அம்மிக் குழவியால் அடித்துப் பூட்டை உடைத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் ஓனர் வந்தார். கருகிய பாக்ஸைப் பார்க்கவில்லை, உடைந்த பூட்டைப் பார்த்தார். "இதுக்கு யார் காசு தர்றது?" எட்டு வீடும் பங்குபோட்டுப் பூட்டு வாங்கிக் கொடுத்தோம். அன்று ராத்திரி அந்தப் புதுப்பூட்டைப் போட்டுத்தான் எங்களைப் பூட்டினார்கள்.

"எங்க மூக்குக்குத் தெரியாத நாத்தமா?" என்பார்கள் நம் ஆட்கள். தூங்குகிறவனை மூக்கு எழுப்பாது. அடைத்த அறையில் எரிகிற பொருளிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தீ விபத்தில் பலர் உடம்பில் நெருப்பு படுவதற்கு முன்பே புகையில் செத்துப்போகிறார்கள். காதுதான் தூக்கத்திலும் விழித்திருக்கிறது. அதனால்தான் அந்த மணி.

தீ என்றால் நமக்கு விபத்து மட்டும் நினைவுக்கு வருவதில்லை. 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்தார்கள். அது கொலை, லைன் வீட்டில் நடந்தது கொலையல்ல. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வழி வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் வெளியிலிருந்து பூட்டுகிற கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பட்டியல் தருகிறது. வெள்ளையடிப்பதும் ஒயரிங்கும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு. புகையறி கருவி அந்தப் பட்டியலில் இல்லை. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தீக்கென்று ஒரு பாகமே வைத்திருக்கிறது. ஆனால் அது முதலில் கேட்பது கட்டடத்தின் உயரத்தை. தரையோடு கிடக்கிற ஷீட்டு வீட்டுக்கு அங்கே மணி இல்லை.

இருக்கிற சட்டமாவது எட்டுகிறதா? எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. நம் தெருவில் ஒப்பந்தமும் கிடையாது, அட்வான்ஸுக்கு அளவும் கிடையாது. வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி "சொந்த ஊரு எது?" அடுத்த கேள்வி "ஊர்ல எந்தத் தெரு?" அந்த இரண்டாவது கேள்வியைத் தாண்டி ஒரு அறை கிடைத்தவன், "சார், ஒயரை மாத்துங்க" என்று வாய் திறப்பானா? காலி பண்ணு என்றால் மறுபடியும் அதே கேள்விக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். இங்கே தீப் பாதுகாப்பு என்பது சாதிப் பிரச்சினையாகவும் ஆகிவிடுகிறது.

இதுவரை நம்மைக் காப்பாற்றியது நாம்தான். 2021 டிசம்பர் 27-இல் திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைப் பார்த்து சனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் யாரும் சாகவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் நிறுவனத்தின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தட்டித்தான் சனங்கள் தெருவுக்கு ஓடினார்கள். ஒருவரையொருவர் எழுப்பும் இந்தப் பழக்கம் பெரிய சொத்து. அதை நம்பி அரசும் ஓனரும் கையைக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே அந்த அண்ணனுக்கு என் பதில்: மணி வேண்டும், மணி மட்டும் போதாது. சமைப்பதும் படுப்பதும் ஒரே அறையில் என்றால் தாளிக்கும்போதெல்லாம் புகைக்கருவி கத்தும். இரண்டாம் நாளே பேட்டரியைப் பிடுங்கிப் போட்டுவிடுவோம். அதனால் அறைக்குள் சூட்டை அறியும் கருவி, பொது நடையில் புகையை அறியும் கருவி. செலவு ஓனருடையது. மெயின் பாக்ஸில் முறுக்கிய கம்பிக்குப் பதில் டிரிப்பர். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்கிற கேட்டு. இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று ராத்திரியே கேட்கலாம். எட்டு வீடும் சேர்ந்து கேட்டால் எட்டையும் ஒரே நாளில் காலி பண்ணச் சொல்ல எந்த ஓனருக்கும் அவ்வளவு சுலபமாக மனசு வராது.