44 நாள் தொடாதே

ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரே ஒரு எறும்பு. அதை 44 நாள் திறக்காம, ஆட்டாம, வெளிச்சம் அடிச்சுப் பார்க்காம வைக்கணும். அவ்வளவுதான் வேலை. உங்களால முடியுமா?

என்னால முடியல. முதல் தடவை ஒரு ராணியைக் கொன்னுட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துட்டு உட்காருங்க.

ஆரம்பிச்சு வச்சது என் பொண்ணு. அஞ்சாம் வகுப்பு படிக்கிறா. பிறந்தநாளுக்கு எறும்புப் பண்ணை வேணும்னு கேட்டா. பார்த்திருப்பீங்க, ரெண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவுல மண், அதுக்குள்ள எறும்பு சுரங்கம் தோண்டும். அமெரிக்காவுல மில்டன் லெவின் என்பவர் 1956ல் இதைப் பொம்மையா விற்க ஆரம்பிச்சார், ஓஹோன்னு ஓடுச்சு. அதுல ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. தபாலில் வந்தது வேலைக்கார எறும்புகள் மட்டும்தான். ராணி கிடையாது. ராணி இல்லாத கூட்டில் புதுசா வேலைக்காரிகள் பிறக்க மாட்டாங்க. சில மாசம் தோண்டும், ஒவ்வொண்ணா சாகும், முடிஞ்சது.

"அது பண்ணை இல்லம்மா, முதியோர் இல்லம்"னு சொன்னேன். பெரிய ஜோக் அடிச்சதா நினைப்பு.

"அப்ப நீங்க ராணியைப் பிடிச்சுத் தாங்க"ன்னுட்டா.

மழை விட்ட ஒரு சாயங்காலம். கிளினிக் வாசல் டியூப் லைட்டைச் சுத்தி ஒரே இறக்கை. நம்ம ஆட்கள் இறக்கை முளைச்ச எல்லாத்தையும் ஈசல்னு சொல்லிடுவாங்க. ஈசல் கறையான் இனம். நாலு இறக்கையும் ஒரே அளவு, உடம்புல இடுப்பே இருக்காது. எறும்புன்னா இடுப்பு ஒடுங்கி இருக்கும், முன் இறக்கை பெருசு, உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கி இருக்கும். கூட்டத்துக்கு நடுவுல ஒண்ணு இறக்கையை ஏற்கெனவே உதிர்த்துட்டு, சுவரோரமா பொந்து தேடி அவசரமா நடந்துக்கிட்டு இருந்தது. கட்டெறும்பு ராணி. ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல நீளம், கறுகறுன்னு. இறக்கையை உதிர்த்துட்டான்னா பெரும்பாலும் கல்யாணம் முடிஞ்சதுன்னு அர்த்தம். ஆண்கள் அதோட காலி. அன்னைக்கு வாங்கின விந்தணுவை வயித்துக்குள்ள ஒரு பையில சேமிச்சு, ஆயுள் முழுக்க அதை வச்சே முட்டையிடுவா. நாங்க திரவ நைட்ரஜன்ல உறைய வச்சுச் செய்யற வேலையை அவ நம்ம ஊர் வெயில்ல செய்யறா.

பிடிக்கும்போது நறுக்னு ஒரு கடி. கட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது. கடிச்சிட்டு அந்த இடத்துல ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். கள்ளச்சாராயம் குடிச்சுப் பார்வை போகுதே, அதுவும் இதே அமிலத்தாலதான். மெத்தனாலை நம்ம உடம்பு ஃபார்மிக் அமிலமா மாத்திடும். எறும்புக் கடியில பயப்பட ஒண்ணுமில்லை, அளவு ரொம்பக் கம்மி.

வீடு தயார் பண்றது சுலபம். சோதனைக் குழாயில மூணுல ஒரு பங்கு தண்ணி, அது மேல இறுக்கமா பஞ்சு, அப்புறம் ராணி, வாயில இன்னொரு பஞ்சு. இருட்டான இடத்துல வச்சுடணும். சாப்பாடு? வேண்டாம். இங்கதான் நம்ம மூளை ஒத்துக்காது. இனிமே பறக்கப் போறதில்லைங்கறதால, இறக்கையை அசைச்ச தசை மெல்லக் கரையும். அந்தச் சத்தும் உடம்புல இருக்கிற கொழுப்பும்தான் அவளுக்கும், முதல் ஈடு குஞ்சுகளுக்கும் சாப்பாடு. முதல் வேலைக்காரி வெளியே வர்ற வரைக்கும் முழுப் பட்டினி.

இதெல்லாம் எனக்குத் தெரியும். படிச்சிருந்தேன். தெரிஞ்சும்தான் பண்ணேன்.

3வது நாள் முட்டை. சந்தோஷம் தாங்கல. செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். காலையில ஒரு தடவை, கிளினிக் போகும்முன் ஒரு தடவை, ராத்திரி வந்து ரெண்டு தடவை. ஐ.சி.யூ. ரவுண்ட்ஸ் மாதிரி. ஒவ்வொரு தடவையும் அவ முட்டைகளை வாயில கவ்விக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடுவா. 9வது நாள் பார்த்தா முட்டை குறைஞ்சிருக்கு. அவளே தின்னுட்டு இருக்கா. தொந்தரவு அதிகமானா ராணி அப்படித்தான் செய்வா. நான் என்ன கண்டுபிடிச்சேன் தெரியுமா? "பசி." உடனே சிகிச்சை, ஒரு சொட்டுத் தேன். 14வது நாள் பஞ்சுல பூஞ்சை, அவ உணர்கொம்புல பிசுபிசுன்னு தேன். அதைத் துடைக்க இன்னொரு தடவை திறந்தேன். 19வது நாள் காலையில கால்களை மடக்கிக்கிட்டுக் கிடந்தா.

பொண்ணு வந்து பார்த்தா. அழல. "என்ன ஆச்சுப்பா"ன்னு கேட்கல. "என்னப்பா பண்ணீங்க?"ன்னு கேட்டா.

அன்னைக்குக் கிளினிக்ல ஒரு அம்மா, நாலு வயசுப் பையனோட வந்தாங்க. காய்ச்சல், மூணாவது நாள். சளி இருக்கு, மத்தபடி விளையாடறான், தண்ணி குடிக்கிறான், ஒண்ணுக்குப் போறான். வைரஸ் காய்ச்சல். "பாராசிட்டமால் போதும்மா, நல்லா தண்ணி குடுங்க. மூச்சு வாங்கினாலோ, சோர்ந்து படுத்தாலோ, வாந்தி நிக்கலைன்னாலோ, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ உடனே வாங்க. இல்லைன்னாலும் நாளைக்கு ஒரு தடவை காட்டுங்க"ன்னேன். "ஒரு ஊசி மட்டும் போட்டுவிடுங்க சார், ராத்திரி பூரா பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்"னாங்க. வழக்கமா இந்த இடத்துல எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அன்னைக்கு வரல. சும்மா பார்த்துக்கிட்டே இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு காலையிலதான் தெரிஞ்சது. ஊசி போடல. ஆனா அவங்களை உட்கார வச்சு இன்னும் பத்து நிமிஷம் பேசினேன்.

அடுத்த மழையில ரெண்டாவது ராணி கிடைச்சா. இந்தத் தடவை என்னை நானே நம்பல. குழாயை அம்மாகிட்ட குடுத்துட்டேன். அம்மாவுக்கு எறும்புன்னா மரியாதை உண்டு, அதுங்க தின்னட்டும்னு இன்னைக்கும் வாசல்ல அரிசிமாவுலதான் கோலம். (அதே வீட்ல சர்க்கரை டப்பாவைச் சுத்தி எறும்புச் சாக்பீஸ் கோடும் உண்டு, அது வேற துறை.) பீரோவுல பட்டுப்புடவைக்குப் பின்னாடி வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாங்க. வாரம் ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை, ஒரு நிமிஷம் பார்க்கலாம். அதுவும் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுத்தி. எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாத் தெரியாது.

கை சும்மா இருந்த அந்த நாட்கள்ல நிறைய படிச்சேன். ஜான் லப்பக்னு ஒரு ஆங்கிலேயர், தொழில் வங்கி, 1871ல் இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தவர். வீட்ல கண்ணாடிக் கூடுகள்ல எறும்பு வளர்த்து 1882ல் புத்தகமே எழுதினார். அவர் வளர்த்த ஒரு ராணி 15 வருஷம் போல இருந்தா.

ஆனா என்னைத் தூங்கவிடாம பண்ணது 2024ல் 'கரண்ட் பயாலஜி' இதழ்ல வந்த ஒரு ஆய்வு. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஃபிராங்க் குழுவினர் செய்தது. நம்ம கட்டெறும்போட சொந்தக்கார இனம், ஃப்ளோரிடாவுல இருக்கு. காயம்பட்ட எறும்புக்குக் கூட்டாளிகள் அறுவை சிகிச்சை பண்ணுதுங்க. தொடையில காயம்னா முதல்ல வாயால சுத்தம் பண்ணி, அப்புறம் காலோட அடிப்பகுதியைத் திரும்பத் திரும்பக் கடிச்சு, முழுக் காலையும் எடுத்துடுதுங்க. குறைஞ்சது 40 நிமிஷம் ஆகும். நோயாளி தப்பிச்சு ஓடாம காலை நீட்டிக்கிட்டு இருக்கு. கிருமி ஏறின தொடைக் காயத்தோட தனியா விட்டா பிழைச்சது 40 சதவீதத்துக்கும் கீழ. எடுத்துட்டா 90க்கு மேல.

காயம் இன்னும் கீழ, முழங்காலுக்குக் கீழே மாதிரியான பகுதியில இருந்தா? வெட்டறதே இல்லை. நக்கிச் சுத்தம் மட்டும். அதுலயே பிழைக்கிறது 15 சதவீதத்துல இருந்து 75 ஆகுது. ஏன் வெட்டல? தொடை முழுக்கத் தசை. அதுதான் அங்க திரவத்தை ஓட்டுது. அடிபட்டா ஓட்டம் குறையும், கிருமி மெதுவாத்தான் ஏறும், வெட்ட நேரம் இருக்கு. கீழ் பகுதியில கிருமி சரசரன்னு ஏறிடும், வெட்டி முடிக்கிறதுக்குள்ள உடம்புக்குள்ள போயிடும். அதனால வெட்டிப் பிரயோஜனமில்லை. இதுதான் ஆய்வாளர்கள் சொல்ற விளக்கம்.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க அப்பா ஞாபகம்.

2011. அப்பாவுக்கு 20 வருஷச் சர்க்கரை. வலது காலில் ரெண்டாவது விரல் கறுத்துடுச்சு. என் சீனியர் சர்ஜன் பார்த்துட்டு, "விரலை எடுத்துடலாம்பா, இப்பவே"ன்னார். நான் டாக்டராகி மூணு வருஷம். "ஒரு வாரம் பார்ப்போம் சார்"னேன். மருந்தை மாத்தினேன், தினமும் நானே கட்டுப் போட்டேன். விரல் போறதை ஒத்துக்க முடியல, அவ்வளவுதான் காரணம், அதுக்கு மருத்துவப் பெயர் எதுவும் கிடையாது. ஒன்பதாவது நாள் கிருமி கணுக்காலைத் தாண்டிடுச்சு. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் ஆறு வருஷம் இருந்தார். என்னைத் திட்டினதே இல்லை. ஒரே ஒரு தடவை செயற்கைக் காலை மாட்டிக்கிட்டே, "அவர் விரலைக் கேட்டப்பவே குடுத்திருக்கலாம்லடா"ன்னார்.

ராணி விஷயத்துல சும்மா இருக்கணும், இருக்கல. அப்பா விஷயத்துல சும்மா இருக்கக் கூடாது, இருந்தேன்.

(சர்க்கரை இருக்கிறவங்க இதைப் படிச்சா, இன்னைக்குப் படுக்கப் போகும்முன் ரெண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் பாருங்க. குனிய முடியலைன்னா வீட்ல யாரையாவது பார்க்கச் சொல்லுங்க. கறுப்பு, புண், நிறம் மாறின நீர்க்கொப்புளம், எது இருந்தாலும் நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க.)

44வது நாள் ஞாயித்துக்கிழமை. அம்மா பீரோவைத் திறந்தாங்க. பொண்ணுதான் பார்த்தா. "அப்பா, ஆறு பேர்!" முதல் ஈடு எப்பவும் குட்டி குட்டியாத்தான் வரும், அம்மாவோட மிச்சத்துல வளர்ந்ததுங்க ஆச்சே. அன்னைக்குத்தான் முதல் தேன் சொட்டு. ஒருத்தி குடிச்சிட்டுப் போய், ராணி வாயோட வாய் வச்சு ஊட்டினா. 44 நாள் கழிச்சு அவ சாப்பிட்ட முதல் சாப்பாடு. அம்மா பார்த்துக்கிட்டே நின்னாங்க, ஒண்ணும் சொல்லல.

வளர்க்க ஆசைப்படறவங்களுக்கு ஒண்ணு மட்டும். உங்க வாசல்ல கிடைக்கிற எறும்பை வளருங்க, ஆன்லைன்ல வெளியூர் இனம் எதையும் வாங்காதீங்க. 2022ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்கள்ல மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி ஆடு மாட்டைப் பாடாய்ப் படுத்தினதைச் செய்தியில பார்த்திருப்பீங்க. இடம் மாறிப் போன ஊர்ல எல்லாம் வம்பு பண்ற இனம் அது.

இப்போ மொத்தம் 17 வேலைக்காரிகள். போன ஞாயிறு பார்த்தப்ப ஒருத்திக்கு ஒரு கால் இல்லை. எப்படிப் போச்சுன்னு பார்க்கல. அஞ்சு காலோட ஒரு கூட்டுப்புழுவைத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டு இருந்தா. நான் இன்னும் கொஞ்சம் குனிஞ்சேன்.

"ஒரு நிமிஷம் ஆச்சு"ன்னு பொண்ணு குழாயை வாங்கி உள்ளே வச்சா. அம்மா பூட்டிட்டாங்க.