தங்கச்சி செல்விக்கு

ஆலங்குடி

அன்புத் தங்கச்சி செல்விக்கு,

அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காமல் தென்னந்தோப்புக்கு நடந்துவிடுகிறார்கள். நீ போனில் சொன்னால்தான் கேட்பார்கள்.

நீ அனுப்பிய, உங்கள் காலேஜின் புது டிப்ளமோ கோர்ஸ் திட்டத்தை உன் அண்ணி பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். முழுக்கப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, எனக்குப் பிடிக்கவில்லை. விஷன், மிஷன் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எந்தப் பாடம் எந்தத் திறனைத் தரும் என்று 1, 2, 3 போட்ட கட்டங்கள் நிறைய இருக்கின்றன. லேபுக்கு ஒரே ஒரு பக்கம், அதுவும் யாரோ கொடுத்த மெஷின் பட்டியல். அங்கீகாரத்துக்கு வருகிறவர்கள் அந்தக் கட்டங்களைக் கேட்பார்கள் என்பது எனக்கும் தெரியும். எழுதித்தான் ஆகவேண்டும், ஆனால் கடைசியில் எழுது.

சிலபஸ் சென்னையிலிருந்து வருகிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் போட்டதில் ஒரு வரியைக்கூட நீ மாற்ற முடியாது. உன் கையில் இருப்பது டைம்டேபிள், லேப், ப்ராஜெக்ட், பிள்ளைகளைப் பயிற்சிக்கு எங்கே அனுப்புவது என்ற முடிவு, இவ்வளவுதான். மூன்று வருஷம் உருப்படுவதும் வீணாவதும் அதில்தான் இருக்கிறது. அறுபது பேரை இரண்டு பேட்ச் ஆக்கி, முப்பது பேரை இரண்டு மோட்டாரைச் சுற்றி நிறுத்தினால் எத்தனை பேர் கை படும், சொல். முன்னால் நிற்கும் இரண்டு மூன்று பேர் கை படும். மற்றவர்கள் ரீடிங்கைப் பார்த்து எழுதிவிட்டுப் போவார்கள். எத்தனை ரெக்கார்டு நோட்டில் ஒரே தப்பு ரீடிங் வரிசையாக வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்!

அதனால் நான் சொல்வது இது. அந்தப் பட்டியலில் உள்ள பளபளப்பான ட்ரெய்னர் கிட்டில் பாதியை வெட்டு. அந்தப் பணத்தில் எரிந்த மோட்டார் வாங்கு. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு பக்கம் போர்வெல் இல்லாத தோட்டம் உண்டா? காயில் கட்டும் கடைகளில் எரிந்த சப்மெர்சிபிள் மோட்டார் குவிந்து கிடக்கும். இரண்டு மூன்று பேருக்கு ஒன்று கொடு. பிரிக்கட்டும். எத்தனை ஸ்லாட், காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி எந்த கேஜ் என்று அவர்களே எண்ணி, அளந்து எழுதட்டும். பிறகு ஏன் எரிந்தது என்று கேள். ஸ்டார் இணைப்பு மோட்டாரில் ஒரு பேஸ் போய் ஓடியிருந்தால் இரண்டு பேஸின் காயில்கள் கருகியிருக்கும், மூன்றாவது அப்படியே இருக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு த்ரீ பேஸ் பாடத்தை நீ இரண்டாம் முறை நடத்த வேண்டியிருக்காது. சிங்கிள் பேஸ் பிரிவென்டர் எதற்கு என்று அவனே சொல்வான். திரும்பக் கட்டி, மெக்கர் வைத்து இன்சுலேஷனைப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டினால்தான் மார்க்.

இதை நடத்த உன் ஸ்டாஃபில் எத்தனை பேரால் முடியும் என்பது எனக்குக் கவலைதான். போன வருஷம் பி.இ. முடித்துவிட்டு இந்த வருஷம் பாடம் நடத்த வருகிற பிள்ளைகள். சம்பளமும் குறைவு, நடு செமஸ்டரில் போய்விடுகிறார்கள். காயில் கட்டுகிற ஒருவரை வாரம் ஒரு மதியம் கூப்பிடு. நாற்காலி போட்டு உட்கார வை, 'சார்' என்று கூப்பிடச் சொல், பணத்தை அந்த மாதமே கொடு. நான் அறிந்த ஓர் இடத்தில் அப்படி ஒருவரை வரவழைத்துவிட்டு பில் பாஸ் ஆகவில்லை என்று அலையவிட்டார்கள். அவர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேர்கிற பிள்ளைகளைத் தனியாகக் கவனி. ஐ.டி.ஐ. படித்து வருகிறவனுக்குக் கை பேசும், கணக்கு வராது. பிளஸ் டூ முடித்து வருகிறவனுக்கு நேர்மாறு. இருவரையும் ஒரே பெஞ்சில் போடு. முதல் மாதம் சண்டை போடுவார்கள், விட்டுவிடு.

பயிற்சிக்கு எல்லோரையும் மாத்தூர் வெல்டிங் பட்டறைகளுக்கே அனுப்பும் யோசனையும் சரியில்லை. திருச்சி பெல் தொழிற்சாலைக்கு ஆர்டர் குறைந்தபோது மாத்தூரிலும் துவாக்குடியிலும் எத்தனை பட்டறைகள் வேலையில்லாமல் கிடந்தன என்று மாப்பிள்ளையைக் கேள், அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். சிலர் அங்கே போகட்டும். சிலர் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவர்களிடம் போகட்டும். சோலார் பம்ப் மாட்டுகிறவர்களோடு கொஞ்சம் பேர் போகட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கம்பம் எல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே. ஒரு ஜெனரேட்டரை ஒழுங்காக இணைக்கத் தெரிந்த ஆளுக்கு அப்போது எவ்வளவு தட்டுப்பாடு! ஆனால் ஊரில் டிப்ளமோ முடித்த பையன்களுக்குக் குறைவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம். 'ஒர்க்‌ஷாப் எதுக்கு, கம்ப்யூட்டர்ல சேத்துவிடுங்க' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருவது 2022 முதல் பெரிய துணை, பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அப்பனிடம் கை நீட்ட வேண்டாம். ஆனால் ஒர்க்‌ஷாப் பக்கத்தில் பாத்ரூம் இல்லாவிட்டால் எந்தப் பெண்ணும் மதியம் முழுக்க நிற்க மாட்டாள். மெஷினுக்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கு. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்க நாளில் ஊர்ப் பெண்களோடு அம்மாவும் சைக்கிள் பழகியபோது அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாரே, பிறகு அதே சைக்கிளில்தானே நீ கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனாய்? வீட்டில் தயங்குகிறவர்களிடம் அதைச் சொல். புதுக்கோட்டைக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

இன்னொன்று. சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். மருமகன் எனக்குப் போன் செய்தான். பத்தாவது முடித்ததும் டிப்ளமோவில் சேர வேண்டும் என்கிறான். 'பிளஸ் டூ படி, நேரா பி.இ.' என்று நீ அதட்டிவிட்டாயாம். டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம் என்று அடுத்தவர் பிள்ளைகளின் பெற்றோருக்கெல்லாம் நீதானே எடுத்துச் சொல்கிறாய்? உன் திட்டத்தை இன்னொரு தடவை படி. அந்த மூன்று வருஷம் உன் பிள்ளைக்கு ஏன் போதாது என்று உனக்குத் தோன்றுகிறதோ, அதை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். அவனைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் இருவர் முடிவு, நான் குறுக்கே வரமாட்டேன்.

காலையில் சாப்பிடாமல் காலேஜுக்கு ஓடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். மாத்திரை போடுகிறவள் இப்படிச் செய்யலாமா? ஞாயிற்றுக்கிழமை மருமகனையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே காயில் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மூன்று பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பஸ் ஏறியதும் போன் செய், ஸ்டாண்டில் நிற்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்