மிலான்: உச்சி மாடியின் தீர்ப்பு
(இத்தாலியில் இசை வழியே – 4)

மிலானின் ஓபரா அரங்கான லா ஸ்காலாவில் நன்றாக உடுத்தியவர்கள் கீழே உட்காருகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் உச்சி மாடிக்குப் போய்விடுகிறார்கள். லோஜோனே என்று அதற்குப் பெயர். இருப்பதிலேயே மலிவான டிக்கெட் என்பதால் நேற்றிரவு எனக்கும் அங்கேதான் இடம். மேடை முழுதாகத் தெரிய வேண்டுமானால் எட்டி எட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் குரல் மட்டும் கொஞ்சமும் சிந்தாமல் மேலே ஏறி வந்துவிடுகிறது. பக்கத்து இருக்கைப் பெரியவர் மேடையைப் பார்க்கவே இல்லை. இசைப்பிரதியை மடியில் விரித்து விரலால் தொடர்ந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் டெனர் சற்று முன்னாலேயே மூச்சு வாங்க, விரல் நின்றது. பாடியவரைவிட நான்தான் அதிகம் பயந்திருப்பேன்.

பயப்படக் காரணம் உண்டு. இந்த அரங்கின் சீசன், நகரத்தின் காவல் புனிதர் அம்ப்ரோஸின் திருநாளான டிசம்பர் 7 அன்று தொடங்கும். 1992இல் அதே நாளில் ‘டான் கார்லோ’ ஓபராவில் பாடிய டெனர் பவரொட்டி ஒரு உச்ச ஸ்வரத்தில் தடுமாற, இந்த மாடி அவரையே கூச்சலிட்டு அவமதித்தது. 2006இல் ‘அய்டா’வின் இரண்டாம் இரவு. நாயகனாகப் பாடிய ராபர்ட்டோ அலாஞ்யா முதல் பாட்டை முடித்ததும் மேலிருந்து எதிர்ப்புக் குரல். மனிதர் விறுவிறுவென்று மேடையை விட்டு வெளியேறிவிட்டார். மாற்றுப் பாடகர் அந்தோனெல்லோ பலோம்பியை, வேடம்கூடக் கட்ட நேரமில்லாமல், போட்டிருந்த உடையோடு உள்ளே தள்ளினார்கள். பண்டைய எகிப்தின் தளபதி ஜீன்ஸில் நின்று காதல் பாடினார்!

ரசிகர்களின் இந்தக் கறாரைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். 1904இல் புச்சீனியின் ‘மேடம் பட்டர்ஃப்ளை’யை முதல் நாளே கூச்சலிட்டு விரட்டியதும் இதே அரங்குதான்.

இசையமைப்பாளர் வெர்டியும் தப்பவில்லை. இரண்டு குழந்தைகளையும் மனைவியையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த நிலையில், 1840இல் அவர் எழுதிக் கொடுத்த நகைச்சுவை ஓபரா இங்கே ஒரே இரவோடு முடிந்தது. 1842இல் ‘நபுக்கோ’ வந்துதான் அவர் நிமிர்ந்தார். அதில் அபிகாயிலாகப் பாடியவர் ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனி. வயது 26தான், ஆனால் இடைவிடாமல் பாடிப் பாடிக் குரல் அதற்குள் தேய்ந்திருந்தது. சில ஆண்டுகளில் மேடையை விட்டார். பின்னால் வெர்டியின் மனைவியானார்.

காலையில் மன்ஸோனி வீதியில் நடந்தேன். வெர்டி 1901 ஜனவரியில் கண்மூடிய ஹோட்டல் அங்கே இன்றும் நடக்கிறது. அவர் படுத்திருந்த நாட்களில் குதிரை வண்டிச் சத்தம் கேட்காதிருக்க வீதியில் வைக்கோல் பரப்பினார்களாம். பிறகு சிவப்பு மெட்ரோவில் புவோனரொட்டி சதுக்கம். எதிரே கமில்லோ போய்ட்டோ வடிவமைத்த செங்கல் மாளிகை. வெர்டி தன் பணத்தில் கட்டிய வீடு. வயதாகிக் கையில் காசில்லாமல் போன பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் உரியது. தன் படைப்புகளிலேயே தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

தான் உயிரோடு இருக்கும்வரை யாரையும் சேர்க்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. நன்றி சொல்ல ஆட்கள் வந்து நிற்பதை விரும்பவில்லை. அவர் பிறந்த நாளான அக்டோபர் 10 அன்று, 1902இல், முதல் விருந்தாளிகள் நுழைந்தார்கள். ஓபராக்களின் உரிமத்தொகை பல பத்தாண்டுகள் இந்த வீட்டுக்குச் சோறு போட்டது. இப்போது இசை மாணவர்களும் மூத்தவர்களோடு தங்குகிறார்கள். மாடி ஜன்னல் ஒன்றிலிருந்து ஒரு பெண் ஏற்ற இறக்கமாக ஸ்வரப் பயிற்சி செய்வது கேட்டது, இளம் குரல்.

முற்றத்தைத் தாண்டிப் படியிறங்கினால் கல்லறை. வெர்டியும் ஜுசெப்பினாவும் பக்கத்தில் பக்கத்தில். 1901 பிப்ரவரியில் இருவரையும் இங்கே கொண்டுவந்தபோது எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் ‘நபுக்கோ’வின் அடிமைகள் கோரஸைப் பாட, இசை நடத்துநர் தொஸ்கனீனி அதை வழிநடத்தினார். வந்திருந்த பயணிகள் எல்லோரும் வெர்டியின் பெயரைத்தான் படம் எடுத்தார்கள். இந்த வீட்டின் அருமை தெரிந்தவர் பக்கத்தில் இருப்பவர்தான் என்று எனக்குப் பட்டது. குரல் போனால் பாடகிக்கு என்ன மிஞ்சும் என்பதை வெர்டி அவரிடம்தானே அருகில் பார்த்திருக்க வேண்டும்?

நாளை பார்மாவுக்கு ரயில். அங்கே தியாத்ரோ ரெஜ்ஜோவின் மேல்மாடிக்காரர்கள் மிலான்காரர்களையும் மிஞ்சியவர்கள் என்று பெயர். டிக்கெட் கிடைத்தால் அடுத்த வாரம் எழுதுகிறேன்.