வாசலில் மத்தித் தலை!

ஜப்பானியர் வசந்தத்தை எப்படி வரவேற்கிறார்கள் தெரியுமா? வறுத்த சோயா மொச்சையை வாரி இறைத்து! பிப்ரவரி 3-ந் தேதி வாக்கில் 'செட்சுபுன்' என்று ஒரு நாள். மறுநாள் அவர்களுக்கு வசந்தம் பிறக்கிறது. (2021-ல் அது 2-ந் தேதியே வந்துவிட்டது, 1897-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பஞ்சாங்கம் என்றால் எந்த ஊரிலும் இப்படித்தான் போலிருக்கிறது!) "பேயே வெளியே போ, பாக்கியமே உள்ளே வா" என்று கூவிக்கொண்டு மொச்சையை வீசுவார்கள். பிறகு வயசுக்கு ஒன்றாக எண்ணித் தின்பார்கள். வயசை மறைப்பவர்கள் பாடு திண்டாட்டந்தான்! சில இடங்களில் மத்தி மீன் தலையை முள்ளிலைக் கொம்பில் குத்தி வாசலில் செருகுவதும் உண்டு. நாற்றத்துக்கும் முள்ளுக்கும் பயந்து பேய் ஓடிவிடுமாம்.

இதையெல்லாம் சுண்ணாம்புக்குளத்தில் ஓர் ஆயாவிடம் சொல்லும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. 2025 மார்ச் 30, யுகாதிப் பண்டிகை. ஆந்திர எல்லையை ஒட்டிய பழவேற்காடு ஏரிக்கரை ஊர் அது. ஆயா வீட்டில் தெலுங்கும் உண்டு, தமிழும் உண்டு. ஆகவே வருஷப் பிறப்பும் இரண்டு. வேப்பம்பூவும் இரண்டு தடவை!

கவிகள் வசந்தம் என்றால் குயிலையும் தென்றலையும் பாடிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தக் கரையில் கதையே வேறு. பங்குனி வெயிலில் ஏரி வற்றத் தொடங்கும். தண்ணீரில் உப்பு ஏறும். பூநாரைகள் கூட்டங் கூட்டமாகக் கிளம்பிவிடும். படகு சேற்றில் தட்டும். ஆயாவின் மகன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பண்டிகைக்குக்கூட லீவு கிடைக்கவில்லை. ஆனாலும் வாசலில் மாவிலைத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது.

"கையை நீட்டு, தம்பி."

வேப்பம்பூ, வெல்லம், மாங்காய், புளி, உப்பு, மிளகாய். ஆறு சுவையும் கலந்த பச்சடி உள்ளங்கையில் விழுந்தது. உங்களிடம் மறைப்பானேன்? என் தாயார் போன பிறகு எங்கள் வீட்டில் வேப்பம்பூப் பச்சடி கிடையாது. குழந்தைகள் முகம் சுளித்தார்கள். எனக்கும் சௌகரியமாகப் போயிற்று. அன்று நாக்கில் பட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மா இவ்வளவு வெல்லம் போடமாட்டாள். கசப்பு என்னவோ அதே கசப்புத்தான்.

"இன்னா தம்பி, காரமா?" என்றாள் ஆயா. ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பேச்சை மாற்றத்தான் மத்தித் தலைக் கதையை எடுத்தேன். ஆயா வாய்விட்டுச் சிரித்தாள்.

"தலையைப் போயா வாசல்ல மாட்டுவாங்க? பேய் போவுதோ இல்லியோ, ஊர்ப் பூனையெல்லாம் வந்து சேந்துடும். அப்புறம், கொழம்புக்கு இன்னாத்தப் போடறது?"

சொல்லிவிட்டு, மகன் பங்குப் பச்சடியைக் கிண்ணத்தில் எடுத்து மூடிவைத்தாள்.